அலைக்குளத்தில் கம்பியைப் பிடித்து நின்றவர்

வெள்ளம் வடிந்தாலும் வேட்கை வடியாத
உள்ளம் உடையேனை ஆண்டருள – வள்ளியொடு
மாமருதக் குன்றில் மயிலேறி வாழ்வோனே
நாமெழுதும் சொல்லுக்குக் காப்பு.

இன்று வளர்பிறை வெள்ளிக்கிழமை; ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள். ஆறுகள் கரைதொட்டு ஓட வேண்டிய பெருக்குத் திருநாள். விடியலில் நீராடி, நீறணிந்து, கோவைக்கு வடக்கே கணபதியில் உள்ள எங்கள் தெருமுனைப் பிள்ளையார்முன் ஒரு பதிகம் ஓதிவிட்டு வந்து இதை எழுத அமர்கிறேன். ஆண்டுதோறும் இந்நாளில் ஒருவர் என் நினைவில் வந்து நிற்பார். இடுப்பளவு நீரில், இரு கைகளாலும் ஓர் இரும்புக் கம்பியை இறுகப் பற்றியபடி, தம் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் பெயரை எழுதுவது முறையாகாது. எங்கள் தெரு அவரைச் செட்டிங்காரர் என்றுதான் அழைத்தது. அவருக்கும் அது தெரியும், வருத்தப்பட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அவருடைய லேத்துப் பட்டறை. பின்கட்டில் குடித்தனம். வீட்டுக்குள் மெல்லிய குரலில் தெலுங்கும் வாசலுக்கு வந்தால் கொங்குத் தமிழும் பேசும் குடும்பம். கிணற்று மோட்டாரில் சுழலும் தண்டைத் தேயாமல் தாங்குகிற புஷ் என்னும் வெண்கல வளையத்தைக் கடைந்து கொடுப்பது அவர் தொழில். காலையில் முதல் வளையத்தைக் கடைந்ததும் இயந்திரத்தை நிறுத்துவார். அளவுகோலை வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் அதன்பின் எந்தத் திருகையும் தொடமாட்டார், பிறரையும் தொடவிடமாட்டார். "மொதப் பீசு சரியா வந்துருச்சுன்னா அப்பறம் கையக் காலை வெச்சுட்டுச் சும்மா இருக்கோணுமுங்க. செட்டிங் மாத்தாம ஓட்டுனா ஆயிரமாவது பீசும் மொதப் பீசு மாதிரியேதானுங்க வரும்" என்பார்.

இது பட்டறைக்குள் நின்றிருந்தால் நான் எழுத ஒன்றுமில்லை. ஆனால் அவர் உலகத்தையே ஒரு லேத்தாகத்தான் பார்த்தார். காந்திபுரத்தில் ஓர் உணவு விடுதியில் ஒருநாள் ரவா தோசை முறுகலாக வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த விடுதியில், அந்த மின்விசிறிக்குக் கீழே, அந்த மேசையில் மட்டுந்தான் அமர்வார். வேறொருவர் அமர்ந்திருந்தால் அவர் கைகழுவ எழும்வரை பின்னால் நின்று காத்திருப்பார். முன்னால் இருப்பவருக்குச் சோறு இறங்குமா? நெடுநாள் கழித்து ஒரு பணியாளர் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"மேசை அதேதானுங்க. மாஸ்டர் மாறி ரெண்டு வருசமாச்சுங்க."

"ஏனுங்க, நல்லாப் போயிட்டிருந்த மாஸ்டரை எதுக்குங்க மாத்துனீங்க?" என்று இவர் உண்மையான வேதனையோடு கேட்டார்.

நான் ஓர் ஆலையின் நேரக் கண்காணிப்பு அலுவலகத்தில் பணிசெய்து ஓய்வுபெற்றவன். மார்கழி விடியலில் எங்கள் தெருவில் நால்வர் ஐவர் சேர்ந்து பாடிச் செல்வோம். ஒருநாள் நான் அவர் பட்டறை வாசலில் நின்று ஒரு பதிகத்தின் மூன்றாம் பாடலைப் பாடிய வேளையில் அவருக்குப் பெரிய ஆர்டர் ஒன்று உறுதியாயிற்று. அடுத்த நாளிலிருந்து மூன்றாம் பாடல் அவர் வாசலில் விழும்படி நாங்கள் நடையைக் கூட்டியும் குறைத்தும் வர வேண்டியதாயிற்று. ஒருமுறை அவரிடம் சொன்னேன்: "நான் நாற்பது ஆண்டுகளாக ஒரே பதிகத்தைத்தான் ஓதுகிறேன். ஒருநாள் கண்ணீர் பெருகுகிறது. மறுநாள் நாக்கு மட்டும் ஓதுகிறது, நெஞ்சு ஏதோ கடைவீதியில் நிற்கிறது. பாட்டும் அதேதான், சந்நிதியும் அதேதான். உருக்கம் மட்டும் அவன் அனுப்பினால்தான் வருகிறது."

"அது சாமிங்க ஐயா. சாமிக்குச் செட்டிங் கெடையாதுங்க. மத்ததுக்கெல்லாம் உண்டுங்களே" என்றார் அவர்.

அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த அம்மாள் சத்தியமங்கலத்தில் பவானிக் கரையில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது அண்ணன்மாரோடு போட்டியிட்டு அக்கரைக்கு நீந்திப்போய்த் திரும்புவாராம். மணமாகி வந்த பின்னும் ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அழைப்பு வரும். போவார், ஆற்றில் நீராடிக் கட்டுச்சோறு உண்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு வருவார். பெற்றோர் மறைந்தார்கள். அண்ணன்மார் வீட்டை விற்றுப் பங்கிட்டுக்கொண்டு திசைக்கொருவராகப் போனார்கள். அழைக்க அதன்பின் ஆளில்லை. குழந்தைகளும் இல்லாத வீடு. அந்த அம்மாள் அழவில்லை, குறை சொல்லவில்லை. சிரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். பேசினால் பதில் வரும். காபி கேட்டால் காபி வரும். முகம் மட்டும் பூட்டிய வீட்டைப் போல இருக்கும். இவர் அதைப் பார்த்துக்கொண்டே சில ஆடிகளைக் கடத்தினார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊருக்கு வடக்கே மலையடிவாரத்தில் நீர்விளையாட்டுப் பூங்கா ஒன்று புதிதாக எழுந்தது. தங்குவதற்குக் குடில்கள், சறுக்குகள், கடலைப் போல் அலை எழும்பும் குளம் என்று நாளிதழோடு வண்ணத்தாள் ஒன்று வீடு வீடாக வந்து விழுந்தது. இவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, ஆடிப் பதினெட்டுக்கு அங்க போலாம்னு இருக்கறமுங்க. வேன்ல எடம் கெடக்குது. நீங்களும் அக்காவும் வந்தீங்கன்னா அம்மணிக்குத் தொணையா இருக்குமுங்க."

போனோம். பொய் சொல்லக் கூடாது, அந்த முதல் ஆண்டு நன்றாகவே இருந்தது. வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்து வரவேற்றார்கள். ஒருவருக்கு ஒரு கட்டணம். அதற்குள் எல்லாம் அடக்கம். குடிலில் வெந்நீரும் வெளுத்த துண்டும் இருந்தன. கொண்டுபோன கட்டுச்சோற்றை வேப்பமரத்தடியில் பிரித்தபோது பூங்காவின் ஆளே ஓடிவந்து வாழையிலை கொடுத்தார். சேலையோடு இறங்கலாம், வேட்டியோடு இறங்கலாம். யாரும் எதையும் தடுக்கவில்லை.

அலைக்குளத்தில் ஒரு மணி அடிக்கும். அடித்தால் அலை வரும், மறுபடி அடித்தால் அடங்கும். அந்த அம்மாள் முன்னால் ஆழத்துக்குப் போய் நின்றார். இவருக்குத் தண்ணீர் என்றால் பயம். முழங்கால் அளவில், வெள்ளை வேட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக, வங்கியில் முறைக்குக் காத்திருப்பவரைப் போல நின்றுகொண்டிருந்தார். மணி அடித்தது. முதல் அலை அவர் காலை வாரியது. இரண்டாம் அலை ஆளையே புரட்டியது. கண்ணாடி போயிற்று. வேட்டி அவிழ்ந்து ஒரு வெள்ளைக் கொக்கைப் போல மிதந்து போயிற்று. அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்த நிலையில் அவர் எங்களைக் கடந்து போனார். அந்த அம்மாள் இரண்டே வீச்சில் நீந்தி வந்து, அவர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். தூக்கியவர் சிரிக்கத் தொடங்கினார். அத்தனை ஆண்டுகள் அடைத்து வைத்தது மடை திறந்தது. உண்ணும்போது சிரித்துப் புரையேறியது. திரும்பும் வழியெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

கண்ணாடி இல்லாத கண்களோடு இருந்ததால் இவர் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை, கேட்கத்தான் செய்தார். "என்ன அம்மணி, என்னத்துக்குச் சிரிக்கறே?" என்று கேட்டார். நீர் சொட்ட நிற்கிற கணவரிடம் உங்களைப் பார்த்துத்தான் என்று எங்கள் பக்கத்துப் பெண் சொல்வாளா? "ஒண்ணுமில்லீங்க. அலையிங்க" என்றார் அந்த அம்மாள்.

மறுநாள் காலை அவர் எங்கள் வாசலில் நின்றார். முதல் வளையம் அளவுக்குச் சரியாக வந்துவிட்ட முகம்.

"கண்டுபுடிச்சுப்போட்டேனுங்க ஐயா. அந்த எடந்தானுங்க. அந்த அலைதானுங்க. இனி வருசா வருசம் விடறதில்லைங்க."

அடுத்த ஆடி வருவதற்கு முன்பே ஏற்பாடுகள் முடிந்திருந்தன. அதே வேன், அதே ஓட்டுநர், அவரவர்க்கு முந்தைய ஆண்டு அமர்ந்த அதே இருக்கை. நான் தயங்கினேன். முதல்முறை விருந்தாளியாகப் போவது வேறு; ஆண்டுதோறும் பிறர் செலவில் நீராடுவது வேறு. அவர் பதறிவிட்டார். "நீங்க இல்லாட்டி செட்டிங் மாறிப்போயிருமுங்க ஐயா. போன வருசம் அந்த வளைவுல வண்டி திரும்பறப்ப நீங்க ஒரு பாட்டு முனகுனீங்க. அதையும் சித்த அங்கயே முனகிருங்க."

இவ்வாறு நான் ஓர் இயந்திரத்தின் உறுப்பானேன். அந்த வளைவு வரும்போதெல்லாம் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஐயா, உங்க ஸ்டாப்பிங் வந்துருச்சுங்க" என்பார்.

இரண்டாம் முறை போனபோது சந்தனமும் கற்கண்டும் இல்லை. கட்டணம் ஏறியிருந்தது. அந்த அம்மாள் அலையில் நின்றார், புன்னகைத்தார். பந்தியில் இன்னுங் கொஞ்சம் சாதம் என்று கேட்பவரைப் பார்த்துப் புன்னகைக்கிறோமே, அந்தப் புன்னகை. இவர் இம்முறை கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருந்தார். வேட்டிக்கு மேல் இடைவார் இறுக்கியிருந்தார். குளத்தின் ஓரமாகப் பதித்திருந்த கம்பியைக் கண்டுபிடித்து, தாம் விழுந்து மனைவியின் இன்பத்தைக் கெடுத்துவிடாதபடி இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். அப்படி நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"போன வருசம் வெயிலு நல்லா இருந்துச்சுங்க. இன்னைக்கு மப்பா இருக்குது. அதானுங்க" என்று வழியில் எனக்கு விளக்கம் சொன்னார்.

பிறகு வந்த ஆண்டுகளில் அந்தப் பூங்கா கொடுத்த கைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டது. சாப்பாடு கட்டணத்திலிருந்து பிரிந்து தனிச் சீட்டாயிற்று. துண்டுக்கு வாடகை வந்தது. சட்டையைக் கழற்றி வைக்கும் அலமாரிக்கும் வாடகை வந்தது. சேலைக்கும் வேட்டிக்கும் தடை வந்து, யார் யாரோ உடுத்திக் கழித்த நைலான் உடைகளை வாடகைக்கு வாங்க வேண்டும் என்றார்கள். என் மனைவி அந்த உடையை விரல் நுனியில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுட்டு எறங்கறதுக்கு நான் கரையிலயே காஞ்சுபோறேன்" என்று முழுக் கட்டணம் செலுத்தி நாள் முழுதும் பெஞ்சியில் அமர்ந்திருந்தாள். முதல் ஆண்டில் நாங்கள் தங்கிய குடிலை ஒட்டுப்பலகை வைத்து இரண்டாக்கினார்கள். பலகைக்கு அந்தப்புறம் ஒரு குடும்பம் மருமகளைப் பற்றிப் பேசியதை நாங்கள் முழுதும் கேட்டோம். அலை அரைமணிக்கு ஒருமுறை என்றிருந்தது, உச்சிவேளையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்றாயிற்று.

கட்டணம் மட்டும் குறையவில்லை. ஓட்டுநர் சொல்வார்: "ஆடி வந்தா ஊரே தள்ளுபடி குடுக்குதுங்க. சீலைக்குத் தள்ளுபடி, பாத்தரத்துக்குத் தள்ளுபடி. இவுங்க ஒருத்தருதானுங்க ஆடிக்குன்னு ஏத்தறாங்க."

"நல்ல சாமானுக்கு யாருங்க தள்ளுபடி குடுப்பாங்க?" என்பார் இவர். ஒருமுறை நல்லது என்று சொல்லிவிட்டதைப் பிறகு குறைத்துச் சொல்ல அவருக்கு நா எழாது. பட்டறையில் வேலை மந்தமான ஆண்டுகளும் இடையில் வந்தன. இரும்புக் கடையில் மீந்த துண்டு வாங்கி ஓட்டினார். ஆடிப் பதினெட்டை மட்டும் விட்டதில்லை.

ஓராண்டு வாசலிலேயே பையைச் சோதித்தார்கள். வெளி உணவுக்கு அனுமதியில்லை என்று புதுப் பலகை. புளிச்சோறும் தயிர்ச்சோறும் அடுக்கிய தூக்குப் பாத்திரத்தை வாங்கி, ஓர் அடையாள வில்லையைக் கொடுத்துவிட்டு, செருப்பு வைக்கும் தட்டுகளுக்கு அருகே தரையில் வைத்தார்கள். காவல் நின்ற இளைஞரும் நம் பக்கத்துப் பிள்ளைதான். "எனக்கென்னுங்கம்மா, மேல சொல்றதைச் செய்யறேன். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. உள்ளே போய் என் மனைவியின் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்தார். "பெருக்கன்னைக்குச் சாமிக்குப் படைச்ச சோறுங்க அக்கா. அதைச் செருப்புக்குப் பக்கத்துல வெச்சுட்டாங்களேங்க" என்றார். சிறிது நேரம் கழித்துக் கணவரைப் பார்த்து, அதுவரை நான் கேட்டிராத குரலில் சொன்னார்: "ஏனுங்க, இந்தக் காசுக்கு ஒருக்கா எங்கூரு ஆத்துக்கே போயிட்டு வந்தரலாமுங்களா?"

"அங்க யாரு இருக்கறாங்க அம்மணி, உன்னையக் கூப்பிட?" என்றார் அவர்.

அன்பினால் சொன்னார். விற்றுப்போன வீட்டை அவள் கண் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின் அந்த அம்மாள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவர் கம்பியைத் தேடிக் குளத்துக்குப் போனதும் என் மனைவி கேட்டாள்: "ஏங் கண்ணு, மொத வருசம் அப்படிச் சிரிச்சியே. அந்தச் சிரிப்பு எங்க போச்சு? மனுசன் அதுக்குத்தானே இத்தனை கொட்டறார்."

"அலையப் பாத்து ஆருங்க அக்கா சிரிப்பாங்க? நான் பவானியில பொறந்தவ. மெசினு அலையில எனக்கு என்னுங்க இருக்குது? அவுரு உளுந்ததைப் பாத்துத்தானுங்க சிரிச்சேன். எந்நேரமும் ஒரு மயிரெழை பெசகாத மனுசன், வேட்டி ஒரு பக்கம் தான் ஒரு பக்கமாப் போனாருங்களே. கையப் புடிச்சுத் தூக்குனப்ப என்னைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாருங்க. கல்யாணமாகி அத்தனை வருசத்துல, அவருக்கு நான் வேணும்னு கைல தெரிஞ்சது அன்னைக்குத்தானுங்க." சொல்லும்போதே இதழோரம் அந்தப் பழைய சிரிப்பின் சாயல் வந்து போனதாக என் மனைவி பின்னர் சொன்னாள்.

அந்த அம்மாள் குளத்துக்குப் போனதும் அவள் இவ்வளவையும் என்னிடம் சொல்ல, நான் உடனே போய் அவரிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். என் மனைவி என் மேல்துண்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சொல்லிப்போடாதீங்க. சொன்னீங்கன்னா அடுத்த வருசத்துல இருந்து மணியடிச்சதும் அதே எடத்துல, அதே பக்கமா, வேணும்னே உளுந்து வெப்பாரு. அந்தப் புள்ளை அதையும் பாத்து வருசா வருசம் சிரிச்சுக் காட்டோணும். இருக்கறதும் போயிரும்."

அவளுடைய கணிப்பு அவரைப் பொறுத்தவரை பிழையற்றது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஆண்டு அலையே எழவில்லை. மணி அடித்தது, குளம் தூக்கத்தில் புரண்டு படுப்பதைப் போல ஒருமுறை அசைந்துவிட்டு நின்றது. கூட்டம் முணுமுணுத்துக் கலைந்தது. இவர் ஈர உடையோடு இயந்திர அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அலையை உந்தித் தள்ளும் பலகையின் அச்சில் புஷ் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. முழு வேகத்தில் ஓட்டினால் உடைந்துவிடும் என்று அதைப் பாதியில் ஓட்டுவதாக அங்கிருந்தவர் சொன்னார். புதிது வாங்க மேலே எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டவரின் மகிழ்ச்சி இவர் முகத்தில் வந்தது. "பாத்தீங்களா ஐயா? அலை தேஞ்சு போச்சுங்க. அதனாலதானுங்க அம்மணி சிரிக்கலை."

ஒரு வாரத்தில், தம் பட்டறையில், தம் வெண்கலத்தில் அந்த வளையத்தைக் கடைந்து, பேருந்தில் எடுத்துப்போய்த் தாமே பொருத்திவிட்டு வந்தார். கூலி வாங்கவில்லை. மேலாளர் மகிழ்ந்து, பூங்காவின் பெயர் பொறித்த சாவிக் கொத்து ஒன்றை அன்பளிப்பாகத் தந்தாராம். அடுத்த ஆடிக்கு நாங்கள் போனபோது வாசலில் முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். அதுவும் ஏறியிருந்தது.

அந்த ஆண்டு அலை எழுந்தது. முதல் ஆண்டின் அலையேதான். அதைவிட உயரம் என்றுகூடச் சொல்லலாம். குழந்தைகள் கூவினார்கள். இவர் கம்பியைப் பிடித்தபடி, பொறியாளனின் பெருமிதத்தோடு மனைவியைப் பார்த்தார். நான் கரையில், காது கேட்கும் தொலைவில் நின்றிருந்தேன்.

"பழைய அலைதானே அம்மணி?"

"அதே அலைதானுங்க."

"அப்பறம் ஏன் சிரிக்க மாட்டீங்கற?"

அத்தனை ஆண்டுகளில் அவர் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒருமுறைதான். கேட்ட குரலில் குற்றச்சாட்டு இல்லை. கைவசமிருந்த எல்லாத் திருகுகளையும் சரிபார்த்து முடித்துவிட்ட ஒருவரின் களைப்பு இருந்தது. அந்த அம்மாள் நீரில் நடந்து வந்து, கம்பியை இறுக்கியிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்க முயன்றார்.

"கம்பிய விட்டுட்டு வாங்க."

"நான் உளுந்துபோட்டன்னா உனக்கு வேடிக்கை கெட்டுப்போகுமல்ல. நீ போயி வெளையாடு அம்மணி, நான் பாத்துட்டிருக்கறேன்."

இரண்டு விரல்கள் விலகியிருந்தன. அவை மறுபடி கம்பியில் போய் ஒட்டிக்கொண்டன. மணி அடித்தது, அலை அடங்கியது.

திரும்பும்போது அந்த வளைவில் நான் பாடவில்லை. ஓட்டுநரும் நினைவூட்டவில்லை. வெகுதூரம் வந்தபின் முன்னிருக்கையிலிருந்து அவர் குரல் கேட்டது. "அம்மணி, அடுத்த ஆடிக்கு உங்கூருக்கே போலாம். ஆத்துக்கு." அந்த அம்மாள், "சரீங்க" என்றார். திருப்பிக் கேட்டுவிட்டால் மாறிவிடுமோ என்று அஞ்சியவரைப் போல அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஆடி அவருக்கு வாய்க்கவில்லை. பங்குனியில் ஒரு நண்பகல், லேத்து ஓடிக்கொண்டிருக்கையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் அமர்ந்தவர் எழவில்லை. ஆட்கள் அவரைத் தூக்கிச் சென்ற பிறகும் இயந்திரம் சற்று நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போய் நிறுத்தினேன்.

அந்த ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஆத்துக்குப் போகோணுமுங்க அக்கா. அவுரு சொல்லியிருந்தாரு. நீங்க ரெண்டு பேரும் வர்றீங்களா?" தாலியிழந்து ஆண்டு முடியாதவள் பெருக்குக்குப் போகிறாளே என்று தெருவில் ஓரிருவர் பேசினார்கள். "ஆறு ஆரைடா ஒதுக்கியிருக்குது?" என்று என் மனைவி அவர்கள் வாயை அடைத்தாள். வேன் பேசட்டுமா என்று கேட்டேன். அந்த அம்மாள் மறுத்துவிட்டார். "பஸ்சுல போலாமுங்க ஐயா."

பவானியில் அவ்வாண்டு நீர் இருந்தது. விற்றுப்போன வீடு கரையில் வேறொரு வண்ணம் பூசிக்கொண்டு நின்றது. அந்த அம்மாள் அதைத் திரும்பிப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. படித்துறையில் மஞ்சளும் பூவும் விட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். நெஞ்சளவு ஆழத்தில், ஓடும் நீருக்கு எதிர்முகமாக, வேர்விட்டவரைப் போல நின்றார். யாரும் சீட்டுக் கேட்கவில்லை. எங்கள் கட்டுச்சோறு படியின்மேல், எங்கள் கண்ணெதிரே, ஈரத் துணி மூடி இருந்தது.

கரையேறும்போது, இடுப்பளவு நீரில் ஓரிடத்தில் நின்று, வலக்கையைப் பின்னால் நீட்டினார். அங்கே யாரும் இல்லை. கை சற்று நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு என் மனைவியைப் பார்த்து, மெல்லச் சொன்னார்:

"இங்க பாருங்க அக்கா. இங்க புடிச்சுக்கறதுக்குக் கம்பியே இல்லீங்க. இங்க வந்திருந்தா அவுரு என்ற கையத்தானுங்க புடிச்சிருக்கோணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதல் ஆண்டு நான் கேட்ட அதே சிரிப்பு. அதைக் கேட்பதற்காக அத்தனை ஆடிகளைச் செலவிட்டவர் கேட்கவில்லை, நாங்கள் கேட்டோம். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்தப் பூங்கா பின்னர் நெடுநாள் நிற்கவில்லை. குளத்தை மண்ணிட்டு நிரப்பி வீட்டுமனைகளாக்கி விற்றுவிட்டார்கள். அந்த அம்மாளும் பட்டறையை விற்றுவிட்டுத் தம் ஊர்ப் பக்கம், ஆற்றுக்கு அருகிலேயே, சிறு வீடு பார்த்துப் போய்விட்டார். எதிர்வீட்டில் இப்போது லேத்து ஓசை இல்லை. நான் மட்டும் அதே பதிகத்தை அதே இடத்தில் நின்று ஓதிக்கொண்டிருக்கிறேன். இன்று காலை மூன்றாம் பாடலில் குரல் தழுதழுத்து நின்றுவிட்டது. நேற்று நிற்கவில்லை, நாளை நிற்குமா என்று நான் கேட்பதில்லை.

இதைப் படித்தவர்க்கும், பிறர் படிக்கக் கேட்டவர்க்கும், அவர்தம் இல்லத்தார் அனைவர்க்கும் மருதமலை ஆண்டவன் துணை நிற்பானாக. உங்கள் ஆறுகளில் நீர் குறையாதிருக்கட்டும். உங்கள் கட்டுச்சோறு உங்கள் கண்ணெதிரே இருக்கட்டும். அலை வந்து காலை வாரும் வேளையில், பற்றிக்கொள்ளக் கம்பி அகப்படாமல், பக்கத்தில் நிற்பவர் கையே உங்களுக்கு அகப்படட்டும். நெடிது வாழ்க.